கதிர் வந்த பிறகு இலை பழுத்தால் யூரியா போடலாமா?

கேள்வி: எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடை. அக்டோபர் முதல் வாரம் டி.கே.எம். 13 நெல் நேரடி விதைப்பு செய்தேன். நவம்பர் மழையில் நான்கு நாள் பயிர் மூழ்கிக் கிடந்து, பிறகு தெளிந்து வந்தது. இப்போது கதிர் முழுதும் வெளிவந்து பத்து நாள் ஆகிறது. கடைசியாகத் தண்ணீர் பாய்ந்து ஏழு நாள். அடுத்த முறை நான்கைந்து நாளில் வரும். ஜனவரி 28ஆம் தேதி மேட்டூர் அணையை மூடிவிட்டால் அதோடு சரி. கீழ் இலைகள் பழுத்துக் காய்கின்றன. மதியத்தில் இலை சுருளுகிறது. பக்கத்து வயல் மட்டும் கரும்பச்சையாக நிற்கிறது. உரக்கடையில் ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா போட்டு, பசுமை காக்கும் டானிக்கும் அடிக்கச் சொல்கிறார்கள். போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. பயிர் சீக்கிரம் வயதாகாமல் தடுக்க வழி உண்டா? அறுவடைக்கு முன் உளுந்து தெளிக்க வேண்டும். அதற்காகக் கடைசித் தண்ணீரைப் பக்கத்து வயல்காரரோடு மாற்றிக்கொண்டு ஒரு வாரம் தள்ளிவைக்கலாமா?

பதில்:

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். யூரியா வேண்டாம், ஒரு கைப்பிடிகூட. டானிக் இரண்டாம் பட்சம். உங்கள் மகசூலைத் தீர்மானிக்கப் போவது அந்த ஒரு முறைத் தண்ணீர்தான். அது வருகிற அன்றே கட்டிவிடுங்கள், உளுந்துக்காகத் தள்ளிவைக்க வேண்டாம். காரணம் தெரிந்தால் இன்னும் இருபது நாளைக்கு வயலைப் பார்த்து நீங்களே முடிவெடுக்கலாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கதிர் வந்த பயிரில் கீழ் இலை பழுப்பது எப்போதும் நோய் அல்ல. மணியில் சேர வேண்டிய தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பகுதி பூத்த பிறகு மண்ணிலிருந்து வருவதில்லை, இலையிலிருந்து போகிறது. இலையின் தழைச்சத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, பச்சையம் இருக்கும் பசுங்கணிகங்களுக்குள் இருக்கிறது. கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற ஒரே புரதத்தில் மட்டும் சுமார் கால் பங்கு அடங்கிவிடும். முதிர்ச்சி தொடங்கியதும் பயிர் இந்தப் புரதங்களை உடைத்து, அமினோ அமிலங்களாக்கிக் கதிருக்கு அனுப்புகிறது. அப்போது பச்சையமும் சிதைவதால் நம் கண்ணுக்கு மஞ்சள் தெரிகிறது. வீட்டைக் காலி செய்கிறவர் கடைசிச் சாமான் போகும்வரை விளக்கை எரியவிடுவதுபோல, செல்லின் உட்கருவும் மைட்டோகாண்டிரியாவும் கடைசிவரை உயிரோடு இருந்து இந்த வேலையை நடத்துகின்றன. தழைச்சத்தும், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்), சாம்பல்சத்தும் (பொட்டாசியம்), மக்னீசியமும் இப்படி இலையை விட்டு நகரும். சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) நகராது, காயும் இலையிலேயே தங்கிவிடும்.

இது ஒழுங்காக நடக்கும்போது அடி இலை முதலில் போகும், கதிரை ஒட்டிய உச்சி இலையான கண்ணாடி இலை கடைசியில் போகும். மணியை நிரப்பும் மாவுச்சத்தில் பெரும்பங்கு மேல் மூன்று இலைகளிலிருந்து வருகிறது. அடி இலைகள் நிழலில் நின்று வேருக்கு மட்டும் கொஞ்சம் உணவு கொடுத்துக்கொண்டிருந்தவை. ஆகவே எத்தனை இலை பழுத்தது என்று எண்ணாதீர்கள், எத்தனை பச்சையாக நிற்கிறது என்று எண்ணுங்கள். கதிர் வந்த பத்தாம் நாளில் தூருக்கு (குத்தில் உள்ள ஒரு தண்டுக்கு) மூன்று பச்சை இலை இருந்தால் பயிர் சரியான வழியில் போகிறது. இரண்டுதான் இருக்கிறது, கண்ணாடி இலையின் நுனியும் வெளுக்கிறது என்றால் வயது முந்திவிட்டது. அறுவடை நாளிலும் மேலே ஓர் இலையாவது பாதிப் பச்சையாக நிற்க வேண்டும்.

வறட்சி இந்த ஒழுங்கை எப்படி முந்தவைக்கிறது என்று பார்ப்போம். மண் காயத் தொடங்குவதை முதலில் உணர்வது வேர். அப்போது அப்சிசிக் அமிலம் என்ற ஊக்கி கூடி, இலைத்துளைகளை மூடச் சொல்கிறது. நீர்ப்போக்கு குறைகிறது, கூடவே கரியமில வாயு நுழைவதும் குறைகிறது. அடுத்து இலையின் மேல்தோலில் இருக்கும் பெரிய செல்கள் நீரிழந்து சுருங்க, இலை சுருண்டு வெயில்படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. செல்லுக்குள் சர்க்கரை, புரோலின், சாம்பல்சத்து இவற்றைச் சேர்த்துவைத்து, காய்ந்துவரும் மண்ணிலிருந்தும் நீரை இழுக்கப் பார்க்கிறது. துளை மூடியிருக்கும்போது வெயில் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால் பசுங்கணிகத்தில் பயன்படாத ஆற்றல் தேங்கி, ஆக்சிஜன் நச்சாக மாறும். அதை முறிக்கும் நொதிகள் இலையில் உண்டு. ஆனால் அவையும் புரதம்தான், தழைச்சத்து வற்றிய இலையில் அவை முதலில் குறைகின்றன.

இவ்வளவும் போதாதபோதுதான் பயிர் பழைய இலைகளைக் கைவிடுகிறது. வேர் நுனியில் உருவாகி மேலே வரும் சைட்டோகைனின்தான் இலையை இளமையாக வைத்திருக்கும் ஊக்கி. வேர் நோயுற்றால் அதன் வரத்து குறைகிறது. எத்திலீனும் அப்சிசிக் அமிலமும் கூடுகின்றன. இலை முதுமைக்குத் திரும்புகிறது. ஆக, உங்கள் வயலில் பழுக்கும் அடி இலைகள் ஒருவகையில் பயிரின் தற்காப்பு. நீர் செலவழிக்கும் பரப்பைக் குறைத்து, அதிலிருந்த சத்தைக் கதிருக்குத் திருப்பிவிடுகிறது. இதைத் தடுக்கப் போனால் பயிரின் கணக்கு குழம்பும். நாம் காக்க வேண்டியது வேரையும் மேல் மூன்று இலைகளையும்தான்.

உரக்கடைக்குப் போகுமுன் வயலில் நாளைக் காலையே சில சோதனைகளைச் செய்துபாருங்கள். காசு செலவில்லை, ஒரு மணி நேரம் போதும்.

முதலில், விடியற்காலை ஆறு மணிக்கு இலையைப் பாருங்கள். மதியம் சுருண்ட இலை விடியலில் விரிந்திருந்தால் இரவில் வேர் தேவையான நீரை எடுத்துவிட்டது என்று பொருள். இது தாங்கக்கூடிய வறட்சி. விடியலிலும் சுருண்டே நின்றால் ஒவ்வொரு நாளும் மகசூலில் இழப்புதான். அப்படியானால் முறைக்குக் காத்திருக்காமல் வேறு வழி பார்க்க வேண்டும்.

அடுத்து வேர். வயலில் நான்கைந்து இடத்தில் ஒரு குத்தை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, நீரில் அலசுங்கள். வெள்ளையும் செம்பழுப்புமாக வேர் இருந்தால் நல்லது. கறுத்து, அழுகிய முட்டை வாடை அடித்தால் நவம்பரில் மூழ்கியபோது காற்றில்லாத மண்ணில் உருவான ஹைட்ரஜன் சல்பைடு வேரை அரித்திருக்கிறது, அது இன்னும் தேறவில்லை. மூழ்கின நெல் மேலே தெளிந்துவிடும். வேர் தெளிய நாளாகும். மேலும், அந்தத் தண்ணீரோடு மண்ணிலிருந்த தழைச்சத்திலும் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டும் வாயுவாகியும் போயிருக்கும். கடைமடையில் ஜனவரியில் பயிர் முந்திப் பழுப்பதற்கு ஜனவரி வறட்சியைவிட நவம்பர் வெள்ளம் பெரிய காரணமாக இருப்பது அடிக்கடி நடப்பதுதான்.

மூன்றாவதாக, பழுத்த இலையின் கோலம். நுனியிலிருந்து நடுநரம்போடு முழு இலையும் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்து இடம்பெயர்ந்திருக்கிறது. நடு பச்சையாக இருக்க, நுனியும் ஓரமும் மட்டும் பழுப்பாகக் கருகி, துரு நிறப் புள்ளி இருந்தால் சாம்பல்சத்துக் குறை. நுனி வெள்ளையாக வெளுத்து, வயலில் அங்கங்கே திட்டுத்திட்டாகத் தெரிந்தால் உப்பு. ஓரம் நெளிநெளியாக வைக்கோல் நிறத்தில் காய்ந்து இறங்கினால் பாக்டீரியா இலைக்கருகலைச் சந்தேகியுங்கள். நோய்க்கும் நல்ல பகுதிக்கும் இடைப்பட்ட துண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீரில் போட்டால் ஐந்து பத்து நிமிடத்தில் வெட்டு வாயிலிருந்து பால்போலக் கசியும். கசிந்தால் அது முதுமை அல்ல, நோய். அந்த வயலில் தழைச்சத்தின் பக்கமே போகக்கூடாது.

கடைசியாக, குனிந்து தூரின் அடியைப் பாருங்கள். வட்டவட்டமாகக் காய்ந்திருந்தால் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி இருக்கலாம். தூருக்கு ஒரு பூச்சி, அல்லது குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கும் வயலில் தூருக்கு இரண்டு பூச்சி என்பது மருந்தடிக்கும் எல்லை. அதற்குக் கீழே இருந்தால் சிலந்தியிடமே விட்டுவிடலாம். வெளுத்து நிமிர்ந்து நிற்கும் கதிரை இழுத்தால் சுலபமாக உருவி வந்தால் அது குருத்துப்பூச்சியின் வெண்கதிர், வறட்சிப் பதர் அல்ல.

பக்கத்து வயலின் கரும்பச்சை உங்களை வருத்துகிறது, புரிகிறது. ஆனால் பச்சையாக நிற்பது வேறு, வேலை செய்வது வேறு. மெண்டல் தன் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பட்டாணியில் முற்றிய பின்னும் பருப்பு பச்சையாகவே இருக்கும் ஒரு வகை இருந்தது. அதற்குக் காரணமான மரபணுவை 2007இல் அடையாளம் கண்டார்கள். பச்சையத்தை உடைக்கும் வேலை அதில் பழுதுபட்டிருக்கிறது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட செடிகளில் இலையின் நிறம் நிற்கும், ஒளிச்சேர்க்கை மட்டும் வழக்கம்போல விழுந்துவிடும். மாறாக, எத்தியோப்பியச் சோளத்தின் வழிவந்த பி 35 என்ற வகையில் பசுமை உண்மையிலேயே பயன் தருகிறது. அந்தக் குணமுள்ள சோளம் பூப்பதற்கு முன் தூர்களையும் மேல் இலைகளின் பரப்பையும் அளவாக வைத்து, மண்ணீரைச் சேமித்து, பூத்த பிறகு செலவழிக்கிறது. கடைசிவரை பச்சையாக நிற்க அந்த முந்தைய சேமிப்புதான் காரணம். பின்னால் தெளிக்கும் எதுவும் அந்தச் சேமிப்புக்கு ஈடாகாது.

முதுமையை அளவுக்குமேல் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கோதுமையில் தெளிவான சான்று இருக்கிறது. காட்டுக் கோதுமையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு மரபணு, இலை முதிர்வதை முடுக்கி, சத்தை மணிக்கு அனுப்புகிறது. அந்த மரபணுக் குடும்பத்தை அடக்கிவைத்த செடிகள் மூன்று வாரத்துக்குமேல் கூடுதலாகப் பச்சையாக நின்றன. மணியிலோ புரதம், துத்தநாகம், இரும்பு மூன்றும் 30 சதவீதத்துக்குமேல் குறைந்தன. 2006இல் வெளியான ஆய்வு இது. நெல்லில் சீனாவின் யாங்சோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். தழைச்சத்து மிகுந்து பச்சையாகவே நிற்கும் நெல்லுக்குப் பூத்தபின் மண்ணை மிதமாகக் காயவிட்டால், தண்டில் தேங்கியிருந்த மாவும் சர்க்கரையும் வேகமாகக் கதிருக்கு ஏறின. மிதம் என்பதற்கு அவர்கள் வைத்த அடையாளமும், இரவில் இலை மறுபடி நீர் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான். விடியற்காலைச் சோதனையை நான் முதலில் வைத்ததும் அதனால்தான். தண்டிலும் உறையிலும் உள்ள சேமிப்பு மட்டுமே மணி எடையில் 10 முதல் 40 சதவீதம்வரை தரக்கூடியது. வறட்சியில் பயிர் நம்பியிருப்பது அதைத்தான்.

இப்போது யூரியாவை வைத்துப் பாருங்கள். ஒரு மூட்டை 45 கிலோ, அதில் தழைச்சத்து சுமார் 21 கிலோ. காய்ந்த மண்ணில் அது கரையாது, கரைந்தாலும் வேர் எடுக்க ஈரம் வேண்டும். தண்ணீர் கட்டியபின் மேலே விசிறினால் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் போகும். மீதியைப் பயிர் எடுத்துக்கொண்டாலும் நன்மை இல்லை. கதிருக்குப் போகவேண்டிய சர்க்கரையைச் செலவிட்டுப் புதுப் புரதம் கட்டும், தண்டு இளகும், சேமிப்பு தண்டிலேயே தங்கும், பின்னால் வந்த தூர்கள் மட்டும் பச்சையாக நின்று அறுவடை ஒருசேர வராது. கதிர் கனத்தபின் ஒரு காற்றுக்குச் சாயும். புகையானும் இலைக்கருகலும் கழுத்துக் குலைநோயும் விரும்புவது இப்படிப்பட்ட இலையைத்தான். பக்கத்து வயலில் இறங்கிப் பார்க்க வாய்ப்பிருந்தால் நிறத்தைப் பார்க்காமல் கதிரின் வளைவைப் பாருங்கள். பத்து நாளில் கதிர் நுனி தலைகுனியத் தொடங்கியிருக்க வேண்டும். நிமிர்ந்தே நின்றால் அந்தப் பசுமையில் மணி இல்லை.

தண்ணீருக்கு வருகிறேன். ஒரு மணியில் எத்தனை செல் இருக்கும் என்பது பூத்த முதல் பத்து நாள் வாக்கில் முடிவாகிவிடுகிறது. அதற்குப்பின் நடப்பது அந்தச் செல்களை மாவால் நிரப்பும் வேலை. கதிரின் மேல் கிளைகளில் உள்ள மணிகள் முதலில் நிரம்பும். அடிக் கிளைகளில் உள்ளவை பின்தங்கி, இரண்டாம், மூன்றாம் வாரத்தில்தான் வேகமெடுக்கும். கருக்காயும் அரைமணியும் பெரும்பாலும் அங்கேதான் உண்டாகின்றன. உங்கள் பயிர் இப்போது பால் பருவத்தைத் தாண்டி மாவுப் பருவத்துக்குள் போகிறது. முறைத் தண்ணீர், கதிர் வந்த 14, 15ஆம் நாளில் வந்தால் அது சரியாக அந்த அடிமணிகளின் நேரம். ஒரு வாரம் தள்ளி 22ஆம் நாளில் கட்டினால் வேலை பாதிக்குமேல் முடிந்திருக்கும். அந்தத் தண்ணீர் உளுந்துக்கு உதவும், நெல்லுக்கு உதவாது. போதாததற்கு, அறுவடைக்கு ஒரு வாரமே இருக்கும்போது வயலில் சேறு நிற்கும், இயந்திரம் இறங்காது.

ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு ஏக்கருக்கு இரண்டு லட்சம் லிட்டர். டெல்டாவில் இந்த மாதத்தில் பயிரும் மண்ணும் சேர்ந்து நாளொன்றுக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் செலவழிக்கும், அதாவது ஏக்கருக்கு இருபதாயிரம் லிட்டர்வரை. காய்ந்த மண் முதலில் தன் பங்கைக் குடித்துக்கொள்ளும். ஆகவே தேங்கிய நீர் நான்கைந்து நாளில் மறைந்துவிடும். களிமண்ணில் அதற்குப் பிறகும் ஒரு வாரம் வேருக்கு ஈரம் இருக்கும். கணக்குப் போட்டால் அறுவடைக்குத் தண்ணீர் வடிக்க வேண்டிய கட்டத்துக்கு, அதாவது முதிர்ச்சியின் கடைசிப் பத்து நாளுக்கு, இது கொண்டுபோய்விடும். இன்னொரு முறை கிடைத்தாலும் தேவைப்படாது.

தண்ணீர் வருவதற்கு முன்பே வரப்பைச் சுற்றி நண்டு வளை, எலி வளைகளை அடைத்துவிடுங்கள். வெடிப்பு விரல் அகலத்துக்குப் போயிருந்தால் நீர் மேலே பரவாமல் வெடிப்பு வழியே கீழே இறங்கிவிடும். அப்படி இருந்தால் மடையை அகலத் திறந்து, வேகமாகப் பாயவிட்டு, வெடிப்பு வீங்கி மூடட்டும். கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் வாய்மடைப் பக்கமே முழுவதையும் குடித்துவிடும்.

போர் தண்ணீரை இதற்குள் பயன்படுத்தலாமா என்றால், முதலில் மின் கடத்துத் திறனைச் சோதித்துக்கொள்ளுங்கள். மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் ஒரு லிட்டர் நீர் கொடுத்தால் போதும். நெல்லுக்குப் பாசன நீரில் அது மீட்டருக்கு 2 டெசிசைமன்வரை இருந்தால் பாதகமில்லை. 5ஐ நெருங்கினால் மகசூல் பாதியாகும். விடியலிலும் இலை சுருண்டு நிற்கிறது, போர் நீர் 2க்கு உட்பட்டது என்றால் முறைக்குக் காத்திராமல் இன்றே மூன்று சென்டிமீட்டர் கட்டுங்கள். 2க்கும் 3க்கும் இடையில் இருந்தால் வாய்க்கால் நீரோடு கலந்து கட்டுவது நல்லது. அதற்குமேல் இருந்தால் தொடவே வேண்டாம். நெல் பூக்கும்போது உப்புக்கு நடுங்கும், முற்றும்போது ஓரளவு தாங்கும். ஆனால் அந்த உப்பு மண்ணில் தங்கி, அடுத்து வரும் உளுந்தைத் தாக்கும். உளுந்து உப்புக்கு மிகவும் மென்மையான பயிர்.

தெளிப்பில் இந்தக் கட்டத்தில் அறிவியல் காரணம் இருப்பது சாம்பல்சத்துக்குத்தான். இலைத்துளையைத் திறந்து மூடுவதும், இலையில் செய்த சர்க்கரையைக் கதிருக்குப் போகும் குழாயில் ஏற்றுவதும் அதன் வேலை. ஏக்கருக்கு இரண்டு கிலோ பொட்டாஷை 200 லிட்டர் நீரில் கரைத்தால் ஒரு சதவீதக் கரைசல். உங்கள் போர் தண்ணீரில் உப்பு இருப்பதால் குளோரைடு உள்ள மியூரேட் பொட்டாஷுக்குப் பதிலாக, நீரில் முழுதும் கரையும் சல்பேட் பொட்டாஷ் அதே அளவில் எடுத்துக்கொள்வது இலை நுனி கருகாமல் காக்கும். துணியில் வடிகட்டி, மாலை நான்கு மணிக்குமேல், இலை விரிந்திருக்கும்போது தெளிக்க வேண்டும். சுருண்ட இலையில் அடித்தால் கரைசல் வழிந்தோடும். வெயிலில் அடித்தால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் இலையில் நின்று சுடும். தண்ணீர் கட்டிய மறுநாள் மாலை இதற்கு மிகப் பொருத்தம். 200 லிட்டர் தெளிப்பு பயிரின் தாகத்தைத் தீர்க்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஒரு நாள் செலவில் நூறில் ஒரு பங்குதான் அது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வறட்சிக்குப் பரிந்துரைக்கும் மெத்தைலோபாக்டீரியம், அதாவது கடைகளில் பி.பி.எப்.எம். என்று கேட்டால் கொடுக்கும் இளஞ்சிவப்புத் திரவம், இன்னொரு வழி. இலை வெளிவிடும் மெத்தனாலை உண்டு இலைமேலேயே வாழும் பாக்டீரியா அது. சைட்டோகைனினைச் சுரந்து கொடுக்கும். உயிருள்ள பொருள் என்பதால் பூச்சிமருந்தோடோ உரக் கரைசலோடோ கலந்தால் செத்துவிடும். மருந்தடித்த தெளிப்பான் என்றால் நன்றாகக் கழுவ வேண்டும். பாட்டிலில் அச்சிட்ட அளவையே பின்பற்றுங்கள், காலாவதித் தேதியையும் பாருங்கள். என் கருத்தில் இதை, கதிர் உறைக்குள் இருக்கும் தொண்டைக்கதிர்ப் பருவத்திலோ வறட்சி தொடங்கும்போதோ அடித்தால்தான் பலன் நன்றாகத் தெரியும். உங்கள் பயிருக்கு இப்போது கட்டாயம் இல்லை.

கடையில் காட்டிய டானிக் எது என்று நீங்கள் எழுதவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்: உயிர் ஊக்கிகள் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. சீட்டில் என்ன பொருள், எத்தனை சதவீதம், எந்தப் பயிருக்கு, எந்தப் பருவத்தில் என்று இருக்க வேண்டும். "பசுமை காக்கும்" என்று மட்டும் இருந்தால் அந்தப் பணத்தை வரப்பு அடைக்கும் ஆளுக்குக் கொடுங்கள்.

உளுந்துக்கு வழி இதிலேயே இருக்கிறது. 15ஆம் நாள் கட்டிய நீர் மறைந்து, 21 முதல் 23ஆம் நாளில் மண் மெழுகு பதத்துக்கு வரும். அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்னால் தெளிக்க வேண்டும் என்ற கணக்கும் அதுதான். கால் வைத்தால் தடம் பதிய வேண்டும், தடத்தில் நீர் ஊறக்கூடாது. நீர் ஊறினால் விதை அழுகும். தடமே பதியாவிட்டால் முளைப்பு பாதி. ஏக்கருக்கு 10 கிலோ விதை, இயந்திர அறுவடை என்றால் 12 கிலோ. பூக்கும்போதும் அதிலிருந்து 15 நாள் கழித்தும் இரண்டு சதவீத டி.ஏ.பி. தெளிக்கலாம். நான்கு கிலோவை முந்தின இரவே பத்து லிட்டர் நீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து 200 லிட்டராக்கினால் ஓர் ஏக்கருக்குச் சரி. அல்லது பூக்கும் பருவத்தில் ஒரே முறை பயறு ஒண்டர் என்ற சத்துக் கலவை இரண்டு கிலோ. மிச்ச ஈரத்தில் வளரும் பயிர் பூவை உதிர்ப்பது குறையும்.

நெல்லை, கதிரில் 80 முதல் 85 சதவீத மணி வைக்கோல் நிறமானதும் அறுத்துவிடுங்கள். கண்ணாடி இலை இன்னும் பச்சையாக இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்த சம்பாவுக்குச் சில. முதுமையைத் தள்ளிப்போடும் வேலை உண்மையில் முதல் அறுபது நாளில் நடப்பது. கடைமடையில் மூழ்குவது உறுதி என்று தெரிந்த தாழ்வான பகுதிக்கு, சி.ஆர். 1009 சப் 1 என்ற ரகத்தை, அதன் நீண்ட வயது ஒத்துவந்தால், போடலாம். ஒடிசாவின் எப்.ஆர். 13ஏ என்ற நாட்டு நெல்லிலிருந்து வந்த சப் 1ஏ மரபணு அதில் இருக்கிறது. நீருக்குள் இருக்கும்போது வெளியே எட்டிப்பார்க்க வளர்ந்து சேமிப்பைத் தீர்க்காமல் அடங்கி இருக்கச் செய்வது அந்த மரபணு. இலை முதுமையையும் அது தாமதப்படுத்துவது ஆய்வில் தெரிந்திருக்கிறது. ஆகஸ்டிலேயே விதைத்தால்தான் அந்த ரகம் கடைசித் தண்ணீருக்குள் முற்றும்.

வெள்ளம் வடிந்தவுடன், இலை சேறு நீங்கித் தெளிந்ததும், ஏக்கருக்கு இரண்டு கிலோ யூரியாவும் ஒரு கிலோ துத்தநாக சல்பேட்டும் 200 லிட்டரில் தெளியுங்கள். வேர் வேலைநிறுத்தம் செய்யும் அந்த நாட்களில் இலைவழி மட்டும்தான் திறந்திருக்கும். புது வேர் விட்டபின் யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷோடு இடலாம். இந்த ஆண்டு நவம்பரில் இது நடந்திருந்தால் இப்போது நீங்கள் எண்ணும் பச்சை இலை ஒன்று கூடியிருக்கும்.

பொட்டாஷை அடியுரமாகவே முழுதும் கொட்டாமல், ஏக்கருக்கு 33 கிலோவை எட்டெட்டாகப் பிரித்து, அடியுரம், தூர்கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது என நான்கு தடவை யூரியாவோடு கொடுங்கள். யூரியா அளவை, பச்சை நிறப் படிகளுக்கு எண்ணிட்ட இலை வண்ண அட்டையைக் கொண்டு முடிவுசெய்யுங்கள். நேரடி விதைப்பில் 21ஆம் நாளிலிருந்து முதல் பூ தெரியும்வரை வாரம் ஒருமுறை, காலை எட்டு முதல் பத்து மணிக்குள், அட்டையில் உங்கள் நிழல் விழும்படி நின்று, பத்துச் செடியின் முழுதும் விரிந்த இளம் இலையை ஒப்பிட வேண்டும். ஆறோ அதற்குமேலோ 4ஆம் எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டும் யூரியா. பூத்தபின் அட்டையை மடித்துவைத்துவிடலாம்.

கதிர் உருவாவதற்கு முன் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் வேருக்குக் காற்று கிடைத்து ஆழம் போகும். 40 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள பிளாஸ்டிக் குழாயில் கீழ்ப் பாதியிலும் அதற்குச் சற்று மேல்வரையிலும் துளையிட்டு, 25 சென்டிமீட்டர் மண்ணுக்குள் இறக்கி, உள்மண்ணை அள்ளிவிடுங்கள். களிமண்ணில் குழாய்க்குள் நீர் மண்மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் இறங்கியபின் ஐந்து சென்டிமீட்டர் கட்டலாம். பூப்பதற்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் மட்டும் இந்தக் காய்ச்சல் கூடாது. நவம்பரில் வடிகால் இல்லாத வயலில் இது சாத்தியமில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். அதற்கு வழி வயலின் நீளத்துக்கு ஒரு முழ ஆழ வடிகால் வாய்க்காலை விதைப்புக்கு முன்பே வெட்டிவைப்பதுதான். அதை ஒருவர் மட்டும் வெட்டினால் நீர் அடுத்த வயலில் போய் நிற்கும். உங்கள் மடையில் இருக்கும் அத்தனை பேரும் கோடையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.